ஜேன் வரைந்த மூன்று படங்கள்



‘ஜேன் அயர்’ நம்மிற் பலருக்கு வகுப்பறையிலே அறிமுகமான நாவல். சார்லட் புரொன்டே 1847இல் கறர் பெல் என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். இதிலுள்ள குறியீடுகள் எவை என்று கேட்டால், மின்னல் பிளந்த மரத்தையும் இரண்டாகக் கிழிந்த மணமகளின் முக்காட்டையும் உடனே எழுதிவிடுவோம். புள்ளியும் கிடைக்கும். ஆனால் அவை ஜேனுக்கு நேர்ந்தவை. அவள் தன் கையால் ஆக்கியவை மூன்று நீர்வர்ணப் படங்கள். அவளுடைய மனத்தைத் தேடுவோர் அவற்றிடந்தான் போகவேண்டும்.

பத்து வயதுச் சிறுமி, மாமி வீட்டில், சிவப்புத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்து ஒரு பறவை நூலைப் புரட்டுகிறாள். பனி மூடிய வடதுருவக் கரைகள், அலைநடுவே தனிப்பாறை, உடைந்த படகு என்று அதில் வந்தவையெல்லாம் அவள் மனத்தில் தங்கிவிடுகின்றன. அதே நூலை எறிந்துதான் மாமியின் மகன் ஜோன் அவளைக் காயப்படுத்துகிறான். அவள் எதிர்த்ததற்குத் தண்டனை செவ்வறைச் சிறை. பின்பு லோவுட் விடுதிப் பாடசாலையில் எட்டு ஆண்டுகள். அங்கே கோபத்தை விழுங்கப் பழகுகிறாள்.

தோர்ன்ஃபீல்ட் மாளிகையில் ரொச்செஸ்டர் அவளது படங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். ஒன்றிலே கொந்தளிக்கும் கடல். பாதி மூழ்கிய பாய்மரத்தில் ஒரு நீர்க்காகம். அதன் அலகில் பொற்காப்பு. நீருக்குள் இறந்தவளின் வெண்கை. இன்னொன்றிலே பனிமலையில் சாய்ந்த பெருந்தலை. (வானத்துப் பெண்ணுருவம் தெரியும் மற்றப் படம் நம்மை அவ்வளவு தொடவில்லை.) ஒளிந்திருந்து பார்த்த அதே குளிர்க்கடல்! எவரிடமும் சொல்லாதது எட்டு ஆண்டுகளின் பின் தாளில் வந்து நிற்கிறது.

எப்போது வரைந்தாள்? லோவுட்டிற் கழித்த கடைசி இரண்டு விடுமுறைகளில். மாமி அவளை ஒரு விடுமுறைக்கேனும் அழைத்ததில்லை. விடுமுறைக்கும் விடுதியிலே தங்கிய தோழியரை நம்மில் விடுதியிலிருந்தோர் அறிவோம். அவர்களது கொப்பியின் கடைசிப் பக்கங்களில் என்ன இருந்ததென்று நாம் கேட்டோமா?

ஜேனுக்கு வாய்த்த தூரிகையும் தாளும், மேல்மாடியில் அடைபட்ட பேர்த்தாவுக்கு வாய்க்கவில்லை. அவள் அந்த முக்காட்டைத் தன் தலையிலே போட்டுக் கண்ணாடியில் ஒருகணம் பார்த்துவிட்டுத்தான் கிழிக்கிறாள். அந்த ஒருகணத்தில் அவள் யாரைக் கண்டாள்? அவளது கதையை ஜீன் ரீஸ் 1966இல் தனி நாவலாகவே எழுதினார்.