இரு கல்விக்கும் ஒரே வாசல்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற கல்விப் பரிசளிப்பு நிகழ்ச்சியில், பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. சலவாத்தும் சலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

    

திருச்சிராப்பள்ளியில் வாழும் நமக்கு ஜமால் முகமது கல்லூரி என்பது அன்றாடம் காதில் விழும் பெயர். காஜா நகரில் அதன் வாசலைக் கடந்து செல்கிறோம். ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதர் யார் என்று நம் வாலிபர்களைக் கேட்டால், பலருக்கு விடை தெரிவதில்லை. அந்தக் கடனை இன்று சிறிதேனும் தீர்க்க விரும்புகிறோம்.

ஹாஜி ஜமால் முகமது சாகிபு அவர்கள் சென்னையில் வாழ்ந்த பெரும் தோல் வணிகர். 1931ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற இரண்டாம் வட்டமேசை மாநாட்டிற்கு, இந்திய வணிகர்களின் கூட்டமைப்பு தன் சார்பில் அனுப்பிய மூவருள் அவரும் ஒருவர். மற்ற இருவர் ஜி.டி. பிர்லாவும் புருஷோத்தம தாஸ் தாகூர்தாசும் ஆவர். நாட்டின் வணிக உலகில் அவர் எத்தகைய இடத்தில் இருந்தார் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆயினும் அவர் பெயர் நிலைத்தது வணிகத்தால் அன்று. அவருடைய தந்தையார் ஜமால் முகைதீன் சாகிபு அவர்கள் பெரம்பூரில் ஜமாலியா அரபிக் கல்லூரியை உருவாக்கியவர். மகனார் அந்த வழியை விடவில்லை. அதே வேளையில் அந்த வழியோடு நின்றுவிடவும் இல்லை. அறிஞர்களைச் சென்னைக்கு வரவழைத்துச் சொற்பொழிவாற்றச் செய்யும் பணிக்குத் தம் செல்வத்தைத் திறந்துவிட்டார். 1925இல் அல்லாமா சையித் சுலைமான் நத்வி அவர்கள் வந்து நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பற்றி எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார்கள். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் அவர்கள் வந்து, மார்க்கச் சிந்தனையை நவீனத் தத்துவத்தின் வெளிச்சத்தில் ஆராய்ந்து உரையாற்றினார்கள். இவ்விரு வரிசைகளும் நூல்களாகி உலகெங்கும் படிக்கப்படுகின்றன. ஒருவர் மதரஸா மரபில் வந்த ஆலிம்; மற்றவர் கேம்பிரிட்ஜிலும் ஜெர்மனியிலும் பயின்றவர். இருவருக்கும் ஒரே மனிதரின் கொடை ஆதரவாக இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தச் சிந்தனையின் கனியே நம் ஊரில் உள்ள கல்லூரி. 1951இல் அது நிறுவப்பட்டது. ஜமால் முகமது சாகிபு அவர்களோடு, நம் திருச்சியின் கொடைவள்ளல் ஹாஜி என்.எம். காஜாமியான் ராவுத்தர் அவர்களும் நிறுவனராகப் போற்றப்படுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் தொடங்கி, 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் உருவானபின் அதனோடு இணைந்து, 2004இல் தன்னாட்சி பெற்றது. அங்கே நம் பிள்ளைகள் மட்டுமா படித்தார்கள்? எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள். அதே 1951இல்தான் இந்நகரில் பெண்களுக்காகச் சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியும் தோன்றியது. நாடு விடுதலை பெற்ற நான்கே ஆண்டுகளில் இந்த ஊர் கல்விக்கு எப்படி முகம் கொடுத்தது என்பதைப் பாருங்கள்.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்ற கேள்வி நம் உள்ளத்தில் எழுகிறது. ஆகவே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நாம் இமாமத் பொறுப்பேற்ற புதிதில், இருபது ஆண்டுகளுக்கு முன், திருவரங்கத்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசி வாழ்ந்த ஒரு பெரியவர் காவிரிப் பாலம் கடந்து நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கல்லூரிக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார். "நல்ல இடம் வந்தால் நிக்காஹ் முடித்துவிடுங்கள், பெண்ணுக்கு அது போதும்" என்று சொல்லி அனுப்பினோம். அவரும் நம் சொல்லை மார்க்கத்தின் சொல்லாக எண்ணி அப்படியே செய்தார்.

சென்ற ஆண்டு அந்தப் பெண் பைத்துல்மால் உதவி கேட்டு நம் பள்ளிவாசலுக்கு வந்தார். கணவர் மவ்த்தாகிவிட்டார். உதவி கேட்டது தமக்காக அன்று. தம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக. எழுதத் தெரியாத வேறு இரண்டு தாய்மார்களின் விண்ணப்பங்களையும் அவரே நிரப்பிக் கொடுத்தார். முத்துப் போன்ற கையெழுத்து. பழையதை அவர் நினைவூட்டவில்லை. நமக்குத்தான் அந்தத் தாள்களைப் பார்த்துக் கொண்டிருக்க முடியவில்லை.

சகோதரர்களே! அன்று நாம் சொன்னது மார்க்கம் அன்று, நம் அறியாமை. முதல் வஹீயே ஓதுமாறு கட்டளையிட்டது. பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தால் அதுவே அவர்களின் விடுதலைப் பணம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றதாக வரலாறு கூறுகிறது. கற்பித்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர், கற்பித்தது எழுத்து. ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் பெரும் ஸஹாபாக்களே வந்து ஐயம் தெளிந்தார்கள். இவையெல்லாம் மதரஸாவில் நாம் ஓதியவைதாம். ஓதியதை ஊருக்குப் பொருத்திப் பார்க்கத் தவறினோம்.

மார்க்கக் கல்வி ஒரு வாசல், உலகக் கல்வி வேறொரு வாசல் என்று நாம் சுவர் எழுப்பினோம். ஜமால் முகமது சாகிபு அவர்கள் அந்தச் சுவரை ஏற்கவில்லை. அவர் விட்டுச் சென்ற சொத்து கட்டடங்கள் மட்டுமல்ல; அந்த எண்ணமே பெரிய சொத்து.

அவரைப் போல் கல்லூரி கட்ட நம் ஜமாஅத்திற்கு வசதியில்லை. ஆனால் நம் சக்திக்கு உட்பட்டவை மூன்று உண்டு. ஒன்று, பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டாம் வகுப்போடும் படிப்பை நிறுத்தும் பிள்ளைகளின் கணக்கை மஹல்லாவில் வீடு வீடாக எடுப்பது. வெளிநாட்டு வேலையும் கடை வேலையும் சில ஆண்டுகள் காத்திருக்கும், படிக்கும் வயது காத்திருக்காது. இரண்டு, தமிழக அரசு 2007இல் முஸ்லிம்களுக்கு வழங்கிய 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பெறுவதற்குரிய சாதிச் சான்றிதழை, சேர்க்கை நேரத்தில் அலையாமல், முன்கூட்டியே எடுத்துத் தர இரண்டு வாலிபர்களை நியமிப்பது. மூன்று, பள்ளிவாசலுக்கு வண்ணம் பூசவும் விளக்குகள் மாற்றவும் நாம் திரட்டும் தொகையைப் போலவே, கல்லூரிக் கட்டணத்திற்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையைத் திரட்டுவது.

மனிதன் இறந்த பின்னும் அவனுக்கு நன்மை சேர்ப்பவற்றுள் நிலையான தர்மமும் பயன்தரும் கல்வியும் உள்ளன என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். காஜா நகரில் ஒவ்வொரு காலையும் மணி அடிக்கும்போது, அந்த இரு பெருமக்களின் ஏட்டில் அந்த நன்மை எழுதப்படுவதாக நாம் நம்புகிறோம். நம் ஏட்டில் என்ன எழுதப்படும் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

இனி எந்தத் தந்தையும் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், மகளைப் படிக்க வைக்கலாமா?" என்று கேட்டால், "எப்போது சேர்க்கை? நாமும் உடன் வருகிறோம்" என்பதே நம் விடை.

வல்ல ரஹ்மான் நம் பிழைகளைப் பொறுத்தருள்வானாக! கல்விக்காகத் தம் செல்வத்தை ஈந்த நல்லோரின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! நம் பிள்ளைகளை ஈருலக அறிவும் பெற்றவர்களாக ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.