பச்சை விறகும் புகைபோக்கியும்

நோர்வேயில வீட்டைச் சூடாக்கிற விறகு அடுப்பைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப் போறன்.

ஊரில விறகடுப்பில சமைச்சு வளர்ந்த ஆக்கள், இதில படிக்க என்ன இருக்கு எண்டுதான் நானும் நினைச்சன். முதல் மாரியில, மலிவாக் கிடைச்ச பச்சை பேர்ச் விறகை வாங்கினன். விடிய விடிய எரியட்டும் எண்டு காத்து வாற துவாரத்தையும் இறுக்கி மூடினன். புகை வந்தது, சூடு வரேல்லை.

புகைபோக்கி துப்புரவாக்க வந்தவர், உள்ளுக்குத் தார் மாதிரிப் படிஞ்சிருந்ததைக் காட்டினார். "இது பத்தினால் வீடே போயிடும்" எண்டார். அந்தப் புகைபோக்கி போறது பிள்ளை படுக்கிற அறைக்குள்ளால.

காரணம் இதுதான். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். சூட்டில் ஒரு பங்கு அதை ஆவியாக்கவே போகிறது. எரியாத புகை, குளிர்ந்த குழாயில் தாராகப் படிகிறது. காற்றையும் அடைத்தால் காபன் மொனொக்சைட் கூடும், அதற்கு மணமில்லை.

இப்ப வசந்தத்திலேயே விறகைப் பிளந்து, மழை படாமல், காத்தோட்டமா அடுக்கிறன். ஈரப்பதன் 20 வீதத்துக்குக் கீழே வந்தால்தான் அடுப்புக்குப் போகும். பெரிய கட்டை கீழே, சிராய் மேலே. மேலிருந்துதான் பத்த வைக்கிறது. அப்ப கீழிருந்து வாற புகை சுவாலைக்குள்ளேயே எரிஞ்சிடும்.

காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒண்டும் மாட்டியிருக்கிறன். நீங்களும் இண்டைக்கே மாட்டுங்கோ. அடுத்த கிழமை சந்திப்பம்.