கேட்டுப் பெற்ற சிநேகங்கள்



மனிதர் ஒருவரோடொருவர் உறவு கொள்ளும் விதத்தைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பெற்ற யான், நட்பின் இலக்கணத்தை நூல்களினின்றும் எடுத்தோதி உங்கள் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை, மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களின் வாழ்க்கையில் வந்து சேர்ந்த சில மனிதர்களை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். கொடுப்பவனைச் சுற்றியே சுற்றம் சேரும் என்று உலகம் சொல்லும். ஐயரவர்களுக்கோ, தமக்குத் தெரியாததைக் கூசாமற் கேட்டதனாலேயே உயிர்ச் சிநேகங்கள் வாய்த்தன என்பது என் துணிபு.

1880ஆம் ஆண்டில், கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக விளங்கிய வித்துவான் தியாகராச செட்டியார் ஓய்வு பெற நேர்ந்தபோது, தம் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பிற்காலத்திற் பாடங்கேட்ட இளைஞராகிய ஐயரவர்களுக்கே தம் ஸ்தானம் கிடைக்கவேண்டுமென்று முனைந்து நின்றார். ஒரே குருவின் மாணாக்கர் என்பதையன்றி இருவருக்கும் குலத்தால் யாதொரு சம்பந்தமும் இல்லை. திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரும், தம் மடத்திலிருந்த ஐயரவர்களைப் பிரிய மனமில்லாதிருந்தும், விடை கொடுத்தனுப்பினார்.

அவ்வாண்டிலேதான் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரின் பழக்கமும் ஏற்பட்டது. தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் உலாக்களையும் கோவைகளையும் ஐயரவர்கள் உற்சாகத்தோடு அடுக்கிச் சொல்ல, எதற்கும் வியப்புக் காட்டாத முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை. மணிமேகலை, சிலப்பதிகாரம்? அவையும் இல்லை. தமிழே செல்வமெனக் கருதிய ஒரு காலேஜ் பண்டிதருக்கு இஃது எத்தகைய அடி! அபிமானம் மிகுந்த வேறொருவராயின், அந்த உத்தியோகஸ்தரின் வாயிற்படியை மறுபடியும் மிதித்திருக்கமாட்டார். ஐயரவர்களோ மீண்டும் சென்றார். முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்று, அவரோடிருந்தே அந்நூலைப் படிக்கலானார். பிற்காலத்தில் நூல் அச்சேறும்போது பணத்திற்கும் நூலை வாங்குவோர் கையொப்பத்திற்கும் முயன்று துணைநின்றவர்களுள் முதலியாரும் ஒருவர். பரீட்சை போலத் தொடங்கிய பழக்கம், 1892இல் முதலியார் காலமாகும் வரையில் குறையவேயில்லை.

ஆனால் என் மனத்தை மிகவும் கவர்வது, அந்நூலைப் படிக்கத் தொடங்கிய பின்பு நிகழ்ந்ததே. சிந்தாமணியோ சைன காவியம். சைவ நூற்பயிற்சியில் ஊறிய ஐயரவர்களுக்கு அச்சமயக் கோட்பாடுகள் விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே அக்காவியத்தைப் பாராயணமாக வாசிக்கும் சைன வீடுகள் உண்டென்று கேள்வியுற்று, அவர் அங்கே சென்றபோது, மாதக்கணக்கில் நடந்த வாசிப்பு நிறைவெய்தியமையால் வீடு மாவிலைத் தோரணத்தோடு மங்கலமாக இருந்ததாம். ஏட்டிலே தாம் தேடித் திணறிய பொருள், அங்கே குடும்பத்தினர் அன்றாடம் பேசும் விஷயமாயிருந்தது. சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்களை அணுகி, மாணாக்கரைப்போல அமர்ந்து, ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிந்தார். அவர் கற்ற வேகத்தைக் கண்ட சைன அம்மையார் ஒருவர், இவர் பவ்விய ஜீவனோ, அதாவது முத்திக்குரிய பக்குவமுள்ள ஆன்மாவோ, என்று வியந்தனர். நெற்றியில் நீறணிந்த அந்தணர் ஒருவரை அச்சமயத்தார் தம்முள் ஒருவராகவே எண்ணத் தலைப்பட்டது, அவர் எதையும் வழங்கியதனாலன்று. அவர்களுக்குக் கற்பிக்கும் பெருமையை அளித்ததனாலேயே ஆகும். 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பில் அந்த வீடுகளின் பங்கு சிறிதன்று.

எல்லா உறவும் இவ்வாறு இன்பமாகவே நடந்தது என்று சொன்னால் அது முகஸ்துதியாகும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களும் சிந்தாமணியைப் பதிப்பிக்க விழைந்தார், சேகரித்தவற்றைத் தருமாறு கேட்டார், ஐயரவர்கள் மறுத்தார். மறுத்த பின்பும் இருவரும் பகைவராகவில்லை. இக்காலத்துப் புலவர் சிலர் ஒரு பாடபேதத்திற்காகவே ஆயுள் முழுதும் பேசாதிருப்பதை நாம் காண்கிறோமல்லவா?

இனி, கொண்ட உறவைக் காத்தவிதம். சென்னையில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். தமக்கு வந்த கடிதங்களைப் போற்றி வைத்தார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் மறைந்து 57 ஆண்டுகள் கழிந்து, தாமும் முதுமையடைந்துவிட்ட 1933இல், அவர் சரித்திரத்தின் முதற்பாகத்தை வெளியிட்டார். மாணாக்கராயிருந்த காலம் சில ஆண்டுகளே. அதைப் பேணிய காலமோ அரை நூற்றாண்டிற்கும் அதிகம்.

ஆகவே, இங்குள்ள இளைஞர்களிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் தெருவிலேயே, வேறொரு சமயத்தார் வீட்டில், உங்களுக்குத் தெரியாத நூலொன்று ஓதப்படுமாயின், அனுமதி பெற்று உள்ளே சென்று அமருங்கள். விளங்காததை அவர்களையே கேளுங்கள்.