லினக்ஸும் பிளொப்பித் தட்டுகளும்

கணினி என்னும் இயந்திரம் மின்னூட்டம் பெற்ற மறுகணத்தில் அறிந்திருப்பது மிகச் சொற்பம். அதனுள் நிலையாகப் பதிக்கப்பெற்றிருக்கும் பயோஸ் என்னும் சிறு செய்நிரல், நினைவகமும் விசைப்பலகையும் உள்ளனவா என்று பார்த்துக்கொண்டு, ஏதேனும் ஒரு தட்டின் முதற் பகுதியை, அதாவது 512 பைட் அளவேயான ஒரு துணுக்கைப் படிக்கும். அத்துணுக்கு அடுத்ததை அழைக்கும். அது அதற்கடுத்ததை அழைக்கும். இவ்வாறு ஒன்று மற்றொன்றைக் கைபிடித்து ஏற்றிவிடவே பணிசெயல் முறைமை முழுவதும் நினைவகத்துள் வந்து அமர்கிறது. வன்தட்டு வெறுமையாய்க் கிடக்கும் இயந்திரத்திற்கு அந்த முதற் கை எங்கிருந்து நீளும்? 1990களில் லினக்ஸை நிறுவ முற்பட்டோருட் பலருக்கு அக்கேள்விக்குக் கிடைத்த விடை, மூன்றரை அங்குலப் பிளொப்பித் தட்டு.

பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஒரு பணிசெயல் முறைமை எழுதி வருவதாக 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆந் திகதி அறிவித்தார். வெறும் பொழுதுபோக்கு என்றே அதனைக் குறிப்பிட்டார். தொடக்கத்தில் அதனை இயக்கிப் பார்க்க விரும்பியவர் மினிக்ஸ் என்னும் வேறொரு முறைமையை முன்னரே வைத்திருத்தல் வேண்டும். பின்னர் எச். ஜே. லூ என்பவர் இரண்டு தட்டுகளில் அடங்கும் தொகுதியொன்றை அமைத்தார். ஒன்று முறைமையின் கருவைத் தாங்கிய தொடக்கத் தட்டு. மற்றொன்று கோப்புகளையும் சிறு கருவிகளையும் தாங்கிய வேர்த் தட்டு. 1992இல் மான்செஸ்டர் கணினி நிலையத்திலிருந்து ஒரு தொகுப்பும், அதனையடுத்து வேறு தொகுப்புகளும் வெளிவந்தன. 1993ஆம் ஆண்டு ஜூலை மாதம் பற்றிக் வொல்கர்டிங் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட ஸ்லாக்வெயார் இவற்றுள் நெடுநாள் நிலைபெற்றது. 1994ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அதன் 2.1ஆம் பதிப்பு வந்தபோது தட்டுகளின் தொகை 73 ஆயிற்று.

எழுபத்துமூன்று தட்டுகள்! ஒரு தட்டு கொள்வது 14,74,560 பைட். நொடிக்கு 14,400 பிற் வேகமுள்ள தொலைபேசி மோடத்தில் ஒரு தட்டுக்குரியதை இறக்கவே பதின்மூன்று நிமிடத்துக்கு மேலாகும். எல்லாவற்றையும் இறக்கப் பதினாறரை மணி நேரம் போதாது. இடையில் இணைப்பு அறுந்தால் என்னாகும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே, பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் ஓய்ந்த வேளை பார்த்துத் தட்டுகளை எழுதிப் பையிலிட்டு வீட்டுக்குக் கொண்டுசெல்லும் மாணவரே அக்காலத்து லினக்ஸ் உலகில் மிகுதி. எல்லாத் தட்டும் எல்லார்க்கும் வேண்டியதில்லை என்பது ஓர் ஆறுதல். ‘ஏ’ என்னும் முதல் வரிசையே இயங்கும் முறைமையைத் தந்துவிடும். செய்நிரல் எழுதுவோர்க்கு ‘டி’, வலையமைப்புக்கு ‘என்’, சாளரத் திரைக்கு ‘எக்ஸ்’ என மற்றவை தனித்தனி வரிசைகளாய் நின்றன. விளையாட்டுகளுக்கும் ஒரு வரிசை இருந்தது; அதனை இறுதிக்கு ஒத்திவைத்தவர் எத்துணை பேரோ!

இனி, இடர்கள். அவற்றுள் முதலாவது தட்டிலேயே பிறந்தது. தொடக்கத் தட்டையும் வேர்த் தட்டையும் சாதாரணமாகப் பிரதிசெய்தல் ஆகாது. கோப்பின் உள்ளடக்கத்தைத் தட்டின் முதற் துணுக்கிலிருந்து வரிசை பிசகாது அப்படியே பதித்தல் வேண்டும்; அதன் பொருட்டே டொஸ் முறைமையில் றோறைற் என்னும் சிறு கருவி வழங்கிற்று. சில துணுக்குகள் பழுதுற்ற தட்டையும் டொஸ் அப்பழுதை ஒதுக்கி வைத்து ஓரளவு பயன்படுத்தும். வரிசையாகப் பதிக்கும் முறையிலோ ஒதுக்குவதற்கு இடமில்லை. 2,880 துணுக்குகளுள் ஒன்று பழுதாயினும் கரு விரியும்போது பிழை காட்டி நின்றுவிடும். புதிதாக வாங்கிய பெட்டியிலும் பழுதுற்றது ஒன்றிரண்டு இருத்தல் உண்டு. கோப்பை வலைவழி இறக்குகையில் இரும முறையைத் தெரியாது எழுத்து முறையிலே இறக்கியவரின் தட்டுகளோ, ஒன்றும் பழுதின்றியே யாவும் பயனற்றுப் போயின. பார்வைக்கு இரு வகையும் ஒன்றே. எனவே எழுதிய தட்டை மீளப் படித்து ஒப்புநோக்கிய பின்னரே அடுத்ததைக் கையிலெடுத்தார் அநுபவசாலி.

தொடக்கத் தட்டு இயங்கிக் கரு ஏறியதும், வேர்த் தட்டை இடுமாறு திரையில் ஒரு வரி தோன்றும். அத்தட்டு நினைவகத்திலேயே ஒரு போலித் தட்டாக விரிந்து கொள்ளும். ‘றூட்’ என்னும் பெயரால், கடவுச்சொல் ஏதுமின்றி, உள்ளே புகலாம். புகுந்ததும் செய்யவேண்டியதே யாவற்றினும் அச்சந் தருவது: வன்தட்டைப் பாகம் பிரித்தல்.

காணிப் பிரிவினையைக் கண்டவர்க்கு இதனை விளக்குதல் எளிது. காணியில் வீடும் மரமும் கிணறும் இருந்தபடியே இருக்கலாம். தோம்பில் எல்லை மாறிவிட்டால் அவை எவருடையன என்று சொல்ல வழியில்லை. வன்தட்டின் தலைப்பிலுள்ள பாக அட்டவணை அத்தகைய தோம்பு. எஃப்டிஸ்க் என்னுங் கருவி அதனைத் திருத்துவது. வீட்டிலுள்ள ஒரே கணினியில், தந்தையின் கணக்குகளோ தமது ஆய்வுரையோ டொஸ் பாகத்தில் இருக்க, அதன் அருகே லினக்ஸுக்கு இடம் பிரிக்க முற்பட்டவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் எண்ணைத் தவறி அழுத்தினால் ஆண்டுக்கணக்கான உழைப்பு எட்டாது போகும். எஃப்டிஸ்க்கை எழுதியோர் இதனை உணர்ந்தே, ‘டபிள்யூ’ என்னும் எழுத்தை அழுத்தும்வரை எதுவும் தட்டில் எழுதப்படாதவாறு அமைத்தனர். ஐயம் எழுந்தால் ‘கியூ’ எழுத்தை அழுத்தி வெளியேறலாம், ஒன்றும் மாறாது. இந்த ஒரு செய்தியை முன்கூட்டி அறிந்திருந்தமையால் தப்பிய வன்தட்டுகள் பல.

டொஸ் பாகத்தை அழியாமலே சுருக்குதற்கு ஃபிப்ஸ் என்னும் கருவி இருந்தது. ஆயின் பாகத்தின் கடைசியில் கோப்பின் சிதறல் ஒன்று கிடந்தாலும் அது சுருங்காது. ஆதலின் முதலில் கோப்புகளை முன்பக்கம் ஒதுக்கி அடுக்குதல் வேண்டும். இவை அனைத்திற்கும் முன்னே வேண்டியவற்றை வேறு தட்டுகளிற் பிரதிசெய்து வைத்தல் வேண்டும் என்று எல்லாக் கைந்நூல்களும் கூறின. பலர் அப்பக்கத்தைப் புரட்டிச் சென்றனர். நினைவகம் 4 மெகாபைட் மட்டுமே உள்ள இயந்திரமாயின், மாற்றிடம் எனப்படும் துணைப்பாகத்தை நிறுவலுக்கு முன்னரே இயக்குதல் நலம். இன்றேல் நிறுவல் பாதிவழியில் நினைவகமின்றித் திணறும்.

அதன்பின் ‘செற்றப்’ என்னும் கட்டளை. தட்டை இடுக, அடுத்ததை இடுக என்று இயந்திரம் கேட்டுக்கொண்டே இருக்கும். பதினேழாம் தட்டிற் பழுது கண்டால் அந்த ஒன்றையே மீள எழுதினாற் போதும். எழுதுவதற்கு வேறு கணினி எங்கே என்பதுதான் கேள்வி. நண்பர் வீடு அருகிலிருந்தவர் பேறுபெற்றவர்.

சில இயந்திரங்களில் கரு ஏறும்போதே திரை உறைந்து நின்றுவிடும். பொருத்தியுள்ள அட்டைகளைக் கரு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் வேளையில், ஒன்றைத் தேடி மற்றொன்றின் வாயிலைத் தட்டுதலே இதற்குப் பெரும்பாலும் காரணம். என்.ஈ.2000 வகை வலையட்டை இவ்வாறு இடர்ப்படுவதிற் பேர்போனது. அதன் முகவரியைத் தொடாதே என்று தொடக்க வரியிலேயே கருவுக்கு அறிவித்தால் இடர் நீங்கும். கருவை மீளத் தொகுக்கையில் ‘சிக்னல் 11’ என்னும் பிழை ஓரிடத்தில் நில்லாது வெவ்வேறிடங்களில் தோன்றுமாயின், குற்றம் பெரும்பாலும் செய்நிரலில் இராது, நினைவகச் சில்லிலே இருக்கும். டொஸ் ஒழுங்காய் ஓடுகிறதே என்று வாதாடியோர் பலர். டொஸ் அத்துணை கடுமையாக நினைவகத்தை வேலைவாங்கியதில்லை என்பதே அதற்கு மறுமொழி.

நிறுவல் முடிந்து, பிளொப்பியை எடுத்துவிட்டு மீள இயக்கும் கணம் வேறொரு சோதனை. வன்தட்டிலிருந்து கருவை ஏற்றும் லிலோ என்னும் செய்நிரல், தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொரு படி நிறைவேறும்போதும் ஒவ்வொன்றாய்த் திரையில் இடும். ஒன்றுமே தோன்றாவிடின் லிலோவின் எப்பகுதியும் ஏறவில்லை. ‘எல்’ மட்டும் தோன்றிப் பின் எண்கள் வரின் இரண்டாங் கட்டத்தைப் படிக்க இயலவில்லை. ‘எல்’, ‘ஐ’ என்று இரண்டோடு நின்றால் இரண்டாங் கட்டம் ஏறியும் இயங்கவில்லை. மூன்றாவது எழுத்தும் வந்து நின்றால் கரு இருக்குமிடத்தைக் கூறும் வரைபடத்தைப் பெறுவதிற் குறை. நான்கும் வந்தால் வெற்றி. நோயாளி எத்தனை எழுத்துச் சொன்னான் என்பதைக் கொண்டே மருத்துவர் நோயறிவது போன்ற இவ்வமைப்பு மெச்சத்தக்கது. வன்தட்டின் அமைப்பைப் பயோஸ் ஒருவிதமாகவும் லினக்ஸ் வேறுவிதமாகவும் கணக்கிட்டமையும், அக்காலப் பயோஸ் 1,024ஆம் சிலிண்டருக்கு அப்பால் எட்டமாட்டாமையும் பெருங் காரணங்கள். கருவை வட்டின் முற்பகுதியில் ஒரு சிறு பாகத்தில் வைத்தல் பரிகாரம். புதிய கருவை வைத்துவிட்டு லிலோவை மீள ஓட்ட மறந்தவர்க்கு, அதே தொடக்கத் தட்டுத்தான் மீண்டும் கைகொடுத்தது: அதனை இட்டு, வேர்ப் பாகம் வன்தட்டில் இன்ன இடத்தில் உள்ளது என்று ஒரு வரி தட்டச்சிட்டால், நிறுவிய முறைமை இழப்பின்றி எழுந்து நிற்கும். ஆகையால் நிறுவல் முடிந்த பின்னரும் அத்தட்டை மேசையறையிற் பத்திரப்படுத்தினர்.

காலம் செல்லக் கரு பெருத்தது. 2003ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 2.6ஆம் பதிப்பிற் கருவைப் பிளொப்பியிலிருந்து நேரே தொடங்கும் வசதி நீக்கப்பெற்றது. மூன்றரை அங்குலத் தட்டுகளை யப்பானில் விற்பதை சோனி நிறுவனம் 2011ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தியது. டோர்வால்ட்ஸ் தமது முதல் வரிகளை எழுதியது 386 என்னுஞ் செயலி கொண்ட இயந்திரத்தில். 2013ஆம் ஆண்டு வெளிவந்த 3.8ஆம் பதிப்பிலிருந்து அச்செயலியில் லினக்ஸ் இயங்குவதில்லை.