கோணிக்குள் என்ன இருக்கிறது?



நான் மரக்காணம் உப்பளத்துப் பக்கம், பெருமுக்கல்காரன். உப்புப் போட்டுச் சாப்பிட்டாலே ரோஷம் வரும்பாங்க. உப்பு விளையிற சீமையில பிறந்தவனுக்கு எவ்வளவு வரும்! (சிரிப்பு) 'சமுதாயத்தைச் சிதைப்பது பற்றாக்குறையே' என்று எதிரணித் தோழியார் முழங்கிவிட்டுப் போனார். அம்மா, பற்றாக்குறையே இல்லாத ஓர் இடம் சிதைந்த கதையைச் சொல்றேன், கேளுங்க.

வில்லியம் கோல்டிங். ஆங்கிலப் பள்ளி ஆசிரியர். பின்னால் 1983-ல் நோபல் பரிசு பெற்றவர். 1954-ல் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' என்று ஒரு நாவல் எழுதினார். போர்க்காலத்தில் விமானம் விழுந்து, பள்ளிப் பையன்கள் ஒரு தீவில் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே பழம் இருக்கு, தண்ணி இருக்கு, வேட்டையாடப் பன்றி இருக்கு. என்னங்க பற்றாக்குறை?

அவர்களிடம் ஒரு சங்கு இருந்தது. நம்ம ஊர்ல சங்கு ஊதினா ஒண்ணு கோயில், இல்லேன்னா கடைசி யாத்திரை! (சிரிப்பு) அங்கே சங்கு ஊதினால் சபை கூடும். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவன் பேசுவான், மற்றவன் கேட்பான். பிக்கி என்கிற பையனிடம் ஒரு மூக்குக்கண்ணாடி. அதன் வழியாக வெயிலைக் குவித்துத்தான் நெருப்பு மூட்டினார்கள், கப்பலுக்குப் புகை தெரியட்டும் என்று. சங்கு சட்டம், கண்ணாடி அறிவு, நெருப்பு நம்பிக்கை.

அப்புறம் ஒரு சின்னப் பையன், 'மிருகம் வருது' என்றான். அவ்வளவுதான். மலைமேல் அசைந்தது என்ன தெரியுமா? பாராசூட்டில் மாட்டிக்கொண்ட ஒரு பிணம்! அதைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்ல ஓடிவந்த சைமனையே இருட்டில் மிருகம் என்று நினைத்துக் கொன்றுவிட்டார்கள். அடுத்து, கண்ணாடி களவு போனது. கடைசியில் உருட்டிவிட்ட பாறையில் சங்கும் நொறுங்கியது, அதைக் கையில் பிடித்திருந்த பிக்கியும் செத்தான். சங்கை உடைத்தது பசியா? பயம்! (கைதட்டல்)

'நாவல்தானே ஐயா' என்பீர்கள். 2018 மே மாதம், நம்ம திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம். குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அதில் வந்த பாட்டி, அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். ஊரெல்லாம் செல்போனில் 'பிள்ளை பிடிக்கிறவர்கள்' என்ற வதந்தி. அடித்தே கொன்றுவிட்டார்கள். சாக்லெட் அன்புக்கு அடையாளம். பயந்தவன் கண்ணுக்கு அதுவே தூண்டில்.

அவர்களை ஏசிவிட்டு உட்கார எனக்குத் தகுதியில்லை. எனக்கு ஒன்பது வயசு. ஒரு சாயங்காலம், கோணிப்பையோடு ஒருத்தர் தெருவில் வந்தார். 'பிள்ளை புடிக்கிறவன்' என்று யாரோ கத்தினார்கள். புளியமரத்தில் கட்டிப்போட்டார்கள். கோணியை உதறினால் உளி, சுத்தியல்! 'பாத்தியா, ஆயுதம்!' என்றார் ஒருத்தர். நானும் ஒரு கல்லை எடுத்துவிட்டேன்.

எங்கம்மா சொம்புத் தண்ணியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாங்க. 'குடிப்பா. நீ யாரு? எந்த ஊரு?' என்று கேட்டாங்க. அதுவரைக்கும் யாருமே கேட்கலை ஐயா! தண்ணியைக் குடித்துவிட்டு அந்த மனுஷன் சொன்னார்: 'அம்மி கொத்த வந்தேன் தாயி.' மறுநாள் எங்க வீட்டு அம்மியைக் கொத்தினதும் அதே உளிதான்.

அந்தக் கல்லை எங்கே போட்டேன்னு எனக்கு ஞாபகமில்லை. எடுத்தது மட்டும் ஞாபகமிருக்கு.

நடுவர் அவர்களே, பற்றாக்குறை வந்தால் மனிதன் பக்கத்து வீட்டில் போய்க் கேட்பான். பயம் வந்தால் கேட்கவே மாட்டான். 'நீ யாரு?' என்ற கேள்விதான் நம்ம கையில் இருக்கிற சங்கு. அதை உடைப்பது பயமே, பயமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.