மேல்முறையீடும் தடையாணையும்
(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சொத்து வழக்கில் தோற்ற சகோதரர் ஒருவர், மேல்முறையீடு தாக்கல் செய்த ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார. ஒருநாள் காலை கோர்ட் அமீனா வந்து, வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைக்கச் சொன்னபோது அந்த ரசீதைத்தான் நீட்டினார். அது அவருக்கு உதவவில்லை. "அப்பீல் நிலுவையில் இருக்கும்போது எப்படி வந்தார்கள்?" என்று நம்மிடம் அவர் கேட்டார். அக்கேள்விக்கு விடையாகவே இவ்வுரையை அமைத்துக்கொள்கிறோம்.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 41ஆம் கட்டளை, 5ஆம் விதி இதைத் தெளிவாகவே கூறுகிறது. மேல்முறையீடு செய்யப்பட்ட காரணத்தினாலேயே தீர்ப்பாணையின் நிறைவேற்றம் நின்றுவிடாது. தடை வேண்டுவோர் அதற்கெனத் தனியே மனுச் செய்ய வேண்டும். தடையின்றேல் பெரும் இழப்பு நேரும் என்பதைக் காட்ட வேண்டும். தாமதமின்றி வந்திருக்க வேண்டும். உரிய பிணையும் அளிக்க வேண்டும். நமக்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால், வழக்கில் வென்றவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால், ஒரு காகிதத்தைத் தாக்கல் செய்தே அவரை ஆண்டுக்கணக்கில் காக்க வைப்பது நியாயமாகுமா?

மேல்முறையீட்டுக் காலம் முடியுமுன், தீர்ப்பளித்த நீதிமன்றமே தகுந்த காரணத்தின் பேரில் நிறைவேற்றத்தை நிறுத்தி வைக்கலாம். நம் சகோதரர் இதைக் கேட்கவேயில்லை. மேல் நீதிமன்றம் தடை வழங்கிவிட்டு, ஆணை கீழ் நீதிமன்றத்திற்கு வந்து சேராதிருந்தால், தாம் நேரில் அறிந்ததை மேல்முறையீட்டாளர் பிரமாண வாக்குமூலமாக அளிக்கலாம். அதன்படி கீழ் நீதிமன்றம் நடக்க வேண்டும் என்று அவ்விதியின் விளக்கமே சொல்கிறது. பலருக்கும் இது தெரிவதில்லை.

தடை முழுமையாகவே கிடைக்கும் என்பதும் இல்லை. 1975 ஜூன் 12 அன்று பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, அதைத் தானே 20 நாட்கள் நிறுத்தி வைத்தது. ஜூன் 24 அன்று உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் வழங்கியதோ நிபந்தனைத் தடைதான்: பிரதமராக நீடிக்கலாம், அவையில் பேசலாம், வாக்களிக்க இயலாது.

தடை ஆறு மாதத்தில் தானாகவே காலாவதியாகும் என்று 2018இல் உச்சநீதிமன்றம் கூறியிருந்தது. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 29 அன்று அதை மாற்றிவிட்டது. பழைய தீர்ப்பை மட்டும் படித்தவர் சொல்வதைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

சகோதரரின் மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதில் வென்றால் 144ஆம் பிரிவின்படி வீட்டைத் திரும்பக் கோரலாம். இப்போதைக்கு அவ்வீட்டில் எதிர்த்தரப்பினர் குடியிருக்கின்றனர்.