எண்ணிக்கை குறைந்தது, ஏச்சுக் குறையவில்லை

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எஸ்டேட்டுகளிலிருந்து வந்து கூடியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எச்.ஐ.வி. என்ற சொல்லைப் பெண்கள் அமர்ந்திருக்கும் சபையில் உச்சரிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1986-ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், அரசினர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் இரத்தம் பெற்று, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோதுதான், இந்தக் கிருமி பாரத தேசத்தில் இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. அதற்குக் கிடைத்த பிரதியுபகாரம் என்ன? நோயுற்றிருப்பதே குற்றமாகி, அத்தகைய பெண்கள் தொடர்ந்து அடைத்து வைக்கப்பட்டார்கள். 1990-இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே விடுதலை பெற்றார்கள். அவர்களிடம் சென்றுவந்த ஆடவர்களை எந்தக் காப்பகமும் தேடவில்லை. அந்த ஆடவர்கள் வீடு திரும்பினார்கள். வீட்டு வாசலைத் தாண்டி ஒருநாளும் தவறிழைக்காத மனைவிமார்களுக்கும் அவர்கள் மூலம் நோய் வந்தது. கணவனால் நோயுற்ற நாமக்கல் கௌசல்யா பெரியசாமி போன்றவர்கள், முகத்தை மறைக்காமல் வெளியே வந்து 1998-இல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்ட துணிச்சலுக்கு முன் நம்முடைய கூச்சம் எம்மாத்திரம்!

2000-ஆம் ஆண்டுவாக்கில் நம் தேசத்தின் வயதுவந்தோரில் அரை சதவிகிதத்துக்கும் சற்று அதிகமாக இருந்த தொற்று, 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 0.20 சதவிகிதமாக இறங்கியிருக்கிறது. ஒழுக்கப் பிரசங்கத்தால் இறங்கியது என்று மார்தட்டுவோரை நான் மறுக்கிறேன். ஆணுறையைக் கையில் எடுத்துக்கொண்டு லாரிப்பேட்டைக்கும் சந்துபொந்துகளுக்கும் சென்றவர்களாலும், இரத்த வங்கிகளில் வந்த கட்டாயப் பரிசோதனையாலும், 2004 முதல் அரசு இலவசமாகத் தரும் கூட்டு மாத்திரைகளாலும் இறங்கியது அது.

ஆயினும் சராசரி என்பது பொல்லாத வித்தை. நாலுமுக்கிலும் ஊத்திலும் கொட்டுகிற மழையையும் ராதாபுரத்து வறட்சியையும் கூட்டி வகுத்து, ஜில்லா செழிப்பாயிருக்கிறது என்றால் நீங்கள் ஒப்புவீர்களா? அதே 2023-இல், போதை ஊசி பரவிய மிசோரத்தில் வயதுவந்தோர் நூறு பேரில் இரண்டரைப் பேருக்கும் மேல் தொற்று இருந்தது. தேசம் முழுதும் சுமார் இருபத்தைந்து லட்சம் ஜனங்கள் இதனோடு ஜீவிக்கிறார்கள்.

தலைமுறைகளாய்த் தேயிலை பறித்த இந்த மலையைவிட்டு நீங்கள் இறங்கவேண்டிய துர்ப்பாக்கியமான காலத்தில் இதை ஏன் பேசுகிறேன்? பிழைப்புத் தேடிச் சிதறுகிற குடும்பத்தில் மாத்திரை முதலில் நின்றுபோகும். நாள் தவறாமல் உட்கொண்டால் இரத்தத்தில் கிருமி அடங்கி, கூடி வாழும் துணைக்கும் பரவாது. விட்டுவிட்டு உண்டாலோ மருந்தே பலனற்றுப்போகும். திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிற ஒருவர் திருப்பூருக்குப் போனாலும் கோயம்புத்தூருக்குப் போனாலும், சீட்டை மாற்றிக்கொண்டு அங்கேயே வாங்கலாம். வேலை கொடுக்கிறவர் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவைக் கொண்டுவா என்று கேட்டால், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். தனியே சொல்ல அஞ்சுகிறவருக்குத் துணையாகப் பக்கத்து லயத்துக்காரர் இரண்டு பேர் கூடப் போங்கள்.